காரில் விழும் மரப்பிசின்: உரஞ்சாதீர்கள், கரையுங்கள்

புலம்பெயர்ந்து வந்த எங்களுக்குக் கார் ஆடம்பரப் பொருள் அல்ல. ஜேர்மனியில் நாங்கள் வேலைசெய்யும் தொழிற்சாலை நகரத்துக்கு வெளியே இருக்கிறது. காலை வேலை ஆறு மணிக்குத் தொடங்கிவிடும். முதலாவது பஸ் அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் வரும். ஆகவே நான்கு பேர் ஒரு காரில் போகிறோம், பெற்றோல் காசைப் பங்கிட்டுக் கொள்கிறோம். அந்தக் காரும் சீட்டுக் கூறி எடுத்த காசில் வாங்கிய பழைய கார்தான். அது ஒரு நாள் நின்றால் நாலு பேருடைய சம்பளம் நிற்கும். வேறு வேலை கிடைத்தாலோ, ஊரில் அவசரம் என்றாலோ, முதலில் விற்று முதலாக்கக்கூடிய சாமானும் அதுதான். எம்மவர் பலருடைய நிலைமை இதுவே.

கராஜ் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. எங்களைப் போல மாடி வீடுகளில் இருப்பவர்கள் தெருவோரத்தில், மரத்துக்குக் கீழேதான் காரை விடவேண்டியிருக்கிறது. வைகாசி, ஆனி பிறந்தால் போதும், விடியற்காலையில் காரின் கூரையைத் தொட்டால் கை ஒட்டும். முன்கண்ணாடி பாகு பூசியதுபோல இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு முன்னால் நின்று பார்த்தால், ஒருவர் பாத்திரம் மினுக்கும் பச்சை நாரோடு வருவார். இன்னொருவர் பழைய கத்தியோடு வருவார். மூன்றாமவர் தொழிற்சாலையில் இருந்து கொண்டுவந்த தின்னரோடு வருவார். மூன்று பேருக்கும் பிசின் கழன்றுவிடும். ஆனால் அதோடு சேர்ந்து வேறு சிலதும் கழன்றுவிடும். அதைப் பற்றித்தான் எழுத நினைத்தோம்.

நாங்கள் கார் திருத்தும் தொழில் படித்தவர்கள் அல்ல. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவர்கள். ஆனால் எங்கள் தொழிற்சாலையில் இரும்புப் பாகங்களுக்கு பெயின்ற் அடிக்கும் வேலை நடக்கிறது. பெயின்ற் எப்படிப் பிடிக்கிறது, எதனால் கழருகிறது என்பதை நாளாந்தம் கண்ணால் பார்க்கிறோம். அந்த அனுபவத்தையும், கேட்டு விசாரித்து அறிந்தவற்றையும் வாசகர்களுக்குத் தருகிறோம்.

இரண்டும் ஒன்றல்ல

மரத்தில் இருந்து விழுகிற எல்லாவற்றையும் நாங்கள் பிசின் என்று ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இங்கே காரில் விழுவது இரண்டு வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இது தெரியாமல்தான் அநேகமானோர் தண்ணீரில் கரையக்கூடியதற்குத் தின்னரும், தண்ணீரில் கரையாததற்குத் தண்ணீரும் போட்டு மினைக்கெடுகிறார்கள்.

முதலாவது வகை சீனி. ஜேர்மன் நகரங்களின் தெருவோரங்களில் லிண்டே மரமும் ஆகோர்ன் மரமும் நிறைய நிற்கின்றன. பெர்லினில் உள்ள பேர்பெற்ற வீதிக்கே லிண்டே மரங்களின் கீழ் என்றுதான் பெயர். கோடையில் இந்த மரங்களின் இலைக்கு அடியில் அழுக்கணவன் பூச்சி பெருகிவிடும். ஊரில் மிளகாய்க் கன்றிலும் பயிற்றங்கொடியிலும் நாங்கள் பார்த்த அதே இனம்தான். அது இலையின் சாற்றைக் குடிக்கிறது. அந்தச் சாற்றில் சீனி அதிகம், பூச்சி வளருவதற்குத் தேவையான மற்றச் சத்துகள் குறைவு. தேவையான சத்து கிடைக்கும்வரை அது நிறையக் குடித்து, மிஞ்சிய சீனித் தண்ணீரைப் பின்பக்கமாக வெளியே விடுகிறது. அதுதான் தூறல்போலக் காரில் விழுகிறது. மரம் அழுவதாக நாங்கள் நினைக்கிறோம். உண்மையில் பூச்சியின் கழிவுதான் அது. தேனீக்கள் இதே சீனித் தண்ணீரை எடுத்துப்போய்த் தேனாக்கும். இங்கே கடைகளில் வால்ட்ஹோனிக் என்று விற்கிற கறுத்த காட்டுத்தேன் பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

ஊரில் மாமரம் பூக்கிற காலத்தில் மரத்துக்குக் கீழே நின்றவர்களுக்கு இது புதிதல்ல. தத்துப்பூச்சி விழுந்த மரத்தின் இலை பிசுபிசுத்து, சில நாளில் கரி பூசியதுபோல கறுத்துப்போகும். அந்தச் சீனியில் வளர்கிற பூஞ்சணம்தான் அந்தக் கறுப்பு. காரை மூன்று நாலு கிழமை கழுவாமல் விட்டாலும் அதே கறுப்புப் பிடிக்கும்.

இரண்டாவது வகைதான் உண்மையான பிசின். கீபர், பிஸ்ற, ரன்ன என்று சொல்லப்படுகிற ஊசியிலை மரங்களில் கிளை முறிந்த இடத்தில் இருந்தும், பட்டை வெடித்த இடத்தில் இருந்தும் வருவது. மரம் தன் காயத்தை மூடுவதற்கு விடுகிற மருந்து என்று சொல்லலாம். பொப்லார் மரத்தின் மொட்டுகளிலும், கஸ்தானிய மரத்தின் மொட்டுகளிலும் இப்படியான ஒட்டும் பசை இருக்கிறது. இளவேனிலில் அந்த மொட்டுச் செதில்கள் காரின் மேல் விழுந்து ஒட்டும்.

ஊரறிவை வைத்துச் சொன்னால், முருங்கைப் பிசினைத் தண்ணீரில் போட்டால் ஊறி இளகும். சாம்பிராணிக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் எத்தனை நாள் கிடந்தாலும் அப்படியே கிடக்கும். ஊசியிலை மரத்துப் பிசின் சாம்பிராணியின் சாதி. அதற்குத் தண்ணீரும் சவர்க்காரமும் ஒன்றும் செய்யா. எண்ணெயும் ஸ்பிறிற்றும்தான் அதை இளக்கும்.

எது என்று அறிவது எப்படி? கார் முழுவதும் ஊசிமுனை அளவில் ஆயிரம் புள்ளிகள் இருந்தால், கண்ணாடியிலும் அதேபோல இருந்தால், அது சீனி. அங்கொன்று இங்கொன்றாகப் பெரிய துளிகள் தேன் நிறத்தில் அல்லது கண்ணாடி நிறத்தில் நின்று, கையில் நூல் இழுத்து, காட்டு மர வாசம் வந்தால், அது பிசின். இன்னும் சந்தேகம் என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் அதன் மேல் போட்டுவையுங்கள். கரைந்தால் சீனி. கரையாமல் நின்றால் பிசின்.

பெயின்ற் எவ்வளவு தடிப்பு?

இதைத் தெரிந்துகொண்டால் கத்தி எடுக்கக் கை வராது. காரின் தகரத்துக்கு மேலே நாலு படை இருக்கிறது. கறள் பிடிக்காமல் இருக்க ஒன்று, அதற்கு மேலே நிரப்புப் படை, பிறகு நிறம், கடைசியாக மினுக்கம் தருகிற வார்னிஷ் படை. நாலும் சேர்ந்தே ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கும் அதற்குக் கொஞ்சம் மேலும்தான். மேலே உள்ள வார்னிஷ் மட்டும் ஏறக்குறைய 40 மைக்றோன், அதாவது ஒரு மில்லிமீற்றரின் நூறில் நாலு பங்கு. எங்கள் தலைமயிர் ஒன்றின் தடிப்பே அதைவிடக் கூடவாக இருக்கும். பச்சை நாரில் உள்ள துகள்கள் அடிபிடித்த சட்டியைச் சுரண்டுவதற்கென்று செய்யப்பட்டவை. தலைமயிர் தடிப்புக்கூட இல்லாத படையில் அதைப் போட்டு உரஞ்சினால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

அப்படியென்றால் தொடாமலே விட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அதுவும் கூடாது. கோடை வெயிலில் கறுத்த நிறக் காரின் கூரை 60 பாகைக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் வார்னிஷ் கொஞ்சம் இளகும். மேலே கிடக்கும் துளி காய்ந்து இறுகிச் சுருங்கும்போது அந்த இளகிய வார்னிஷையும் சேர்த்து இழுக்கும். பிறகு துளியை எடுத்தாலும் அதன் வட்டம் அடையாளமாக நிற்கும். ஆகவே நாட்கணக்கில் பின்போடாமல் அதே கிழமையில் எடுக்கவேண்டும். ஆனால் எடுக்கத் தொடங்கினால் நிமிடக்கணக்கில் பொறுமையாக இருக்கவேண்டும். எம்மவர் பலர் செய்வது இதற்கு மறுபக்கம். மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்று நிமிடத்தில் எடுக்கப் பார்ப்பார்கள்.

சீனிக்குத் தண்ணீர் போதும்

வெயிலில் நின்று சூடான காரைக் கழுவவேண்டாம். நிழலில் விட்டு, தகரம் ஆறிய பிறகு தொடங்குங்கள். முதலில் நிறையத் தண்ணீர் விட்டுத் தூசியையும் மண்ணையும் போக்குங்கள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் காருக்கான சம்பூவைக் கலந்து, தோய்த்த துணிகளைக் கூரையிலும் பொனற்றிலும் விரித்து ஐந்து, பத்து நிமிடம் விடுங்கள். துணி காயக்கூடாது. சீனி தானாகக் கரைந்துவிடும். அதன் பிறகு மெல்லிய மைக்றோபைபர் துணியால், அழுத்தாமல், நேர்கோட்டில் துடைத்து, நல்ல தண்ணீரில் அலம்புங்கள். கறுப்புப் பூஞ்சணம் பிடித்திருந்தால் இதை இரண்டு மூன்று தரம் திருப்பிச் செய்யவேண்டியிருக்கும். உரஞ்சத் தேவையில்லை.

இரண்டு வாளி வைத்திருப்பது நல்லது. ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர், மற்றதில் துணியை அலம்புவதற்கு நல்ல தண்ணீர். ஒரே வாளியில் தோய்த்துத் தோய்த்துத் துடைத்தால், முதலில் எடுத்த மண்ணைத் திரும்பக் காருக்கே பூசுகிறோம்.

பிசினுக்கு எண்ணெய்

சென்ற கோடையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் நாலைந்து பேர் ஒரு காரைச் சுற்றி நின்று, பொனற்றில் கிடந்த பிசின் துளிகளுக்கு என்ன செய்வது என்று கதைத்துக்கொண்டிருந்தோம். தின்னர் என்றார் ஒருவர். பிளேட் என்றார் மற்றவர். அந்த வழியால் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பியவை, உது பலாப்பால் மாதிரித்தானே. எண்ணெயைப் பூசிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கோ, தானாய்க் கழரும்" என்றார். அவர் கார் ஓட்டத் தெரியாதவர். ஆனால் அங்கே நின்றவர்களில் சரியான மருந்து சொன்னவர் அவர்தான். பலாப்பழம் வெட்ட முதல் கைக்கும் கத்திக்கும் எண்ணெய் பூசுவது எங்கள் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். தண்ணீரில் போகாத பால் எண்ணெயில் போகும். பிசினும் அப்படியே.

செய்யவேண்டிய முறை இதுதான். முதலில் காரைக் கழுவுங்கள். மண் இருக்கும்போது துடைத்தால் கீறல் விழும். கழுவிய பிறகு தேங்காய் எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ, வீட்டில் உள்ளதைப் பஞ்சில் நனைத்துத் துளியின் மேல் வைத்துப் பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். கதவுபோலச் செங்குத்தான இடமென்றால், பஞ்சின் மேல் சமையலறைப் பிளாஸ்ரிக் தாளை ஒட்டிவிட்டால் வழியாது. பிறகு விரலால் மெதுவாக உருட்டிப் பாருங்கள். புதிய பிசின் இளகி உருண்டு வரும். வராவிட்டால் மீண்டும் எண்ணெய். கடைசியில் அந்த இடத்தைச் சம்பூத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். எண்ணெய் நின்றால் தூசி பிடிக்கும்.

காய்ந்து கல்லான பழைய பிசினுக்கு எண்ணெய் மட்டும் காணாது. முதலில் சூடான தண்ணீரில் பிழிந்த துணியை அதன்மேல் வைத்து இளக்குங்கள். தலைமயிர் காயவைக்கும் மெஷினையும் பாவிக்கலாம். அதை ஒரு சாண் தூரத்தில், குறைந்த சூட்டில் பிடிக்கவேண்டும். தகரத்தில் கை வைக்கமுடியாத சூடு வந்தால் நிற்பாட்டுங்கள். தொழிற்சாலைகளில் உள்ள சூடுகாற்றுத் துவக்கைக் கொண்டுவரவேண்டாம். அது பெயின்ற் கழற்றுவதற்கென்றே பாவிக்கிற சாமான்.

அதற்கும் அசையாவிட்டால் ஸ்பிறிற். அப்போதேக்கவில் ஐசோபுறொப்பனோல் என்று கேட்டு வாங்கலாம். அல்லது பௌமார்க்ற்றில் விற்கும் பிறென்ஸ்பிறிற்றுஸ் இருக்கிறது. காரில் ஊற்றவேண்டாம். துணியில் கொஞ்சம் நனைத்து, துளியின் மேல் மட்டும் அரை நிமிடம் வைத்து, மெதுவாகத் துடைத்து எடுங்கள். துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பி மீண்டும் செய்யுங்கள். ஒரே இடத்தில் நெடுநேரம் ஊறவிடக்கூடாது. ஸ்பிறிற் பூசிய இடத்தில் சூடுகாற்றுப் பிடிக்கக்கூடாது. அருகில் சிகரெற் கூடாது. அதன் ஆவி தீப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துணியைச் சுருட்டிக் காருக்குள் எறியாமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள். மரப்பிசின் எடுப்பதற்கென்றே கடைகளில் விற்கும் தண்ணி மருந்துகளும் நல்லவைதான். போத்தலில் எழுதியுள்ள நேரத்துக்கு மேல் விடவேண்டாம்.

ஸ்பிறிற் பிசினை எடுக்கும்போது, காருக்கு முன்பு பூசிய மெழுகையும் எடுத்துவிடும். ஆகவே கழுவித் துடைத்த பின் அந்த இடத்துக்கு மெழுகு பூசுவதோடுதான் வேலை முடிகிறது. வட்ட அடையாளம் நின்றால் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடக்குப்படாவிட்டால் கையால் பொலிஷ் போட்டுக் குறைக்கலாம். நகம் தடக்குப்பட்டால் ஆழமாகப் போய்விட்டது, தொழில் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது. பொலிஷும் வார்னிஷைக் கொஞ்சம் தேய்த்துத்தான் மினுக்குகிறது என்பதால் அடிக்கடி போடவேண்டாம்.

தின்னர் வேண்டாம்

எங்களோடு வேலைசெய்த அண்ணர் ஒருவர் தன் மனைவிக்கு விசா கிடைத்ததும், ரிக்கற்றுக்குக் காசு சேர்ப்பதற்காகக் காரை விற்க வெளிக்கிட்டார். பார்க்க வருபவருக்குக் கார் துப்புரவாக இருக்கவேண்டும் என்று, முன்கதவில் இருந்த இரண்டு பிசின் துளிகளைத் தின்னர் போட்டுத் துடைத்தார். பிசின் போய்விட்டது. துணியில் நீல நிறமும் வந்துவிட்டது. அந்தக் கதவு எப்போதோ அடிபட்டு, முந்தின சொந்தக்காரர் ஸ்பிறே டப்பாவால் பெயின்ற் அடித்திருக்கிறார். வாங்கியபோது இவருக்கு அது தெரியாது. காரைப் பார்க்க வந்தவர் அந்தக் கதவையே சாட்டாக வைத்து 400 யூரோ குறைத்துத்தான் எடுத்தார். ரிக்கற் காசில் அரைவாசி அந்தக் கதவோடு போனது.

தொழிற்சாலையில் சூட்டறையில் வைத்து இறுக்கிய பெயின்ற் ஓரளவு தாங்கும். டப்பாவால் அடித்த பெயின்ற்றும், கராஜில் அடித்துச் சில கிழமைகளே ஆன பெயின்ற்றும் தாங்கா. நாங்கள் வாங்குவது அநேகமாக மூன்றாம் நாலாம் கைமாறிய கார். எந்தப் பக்கம் திரும்ப அடித்தது என்பது யாருக்கும் தெரியாது. கதவு ரப்பரிலும் லைற் ஓரத்திலும் பெயின்ற் தூவல் பட்டிருக்கிறதா, பக்கத்துப் பாகத்தோடு நிறம் சற்று வித்தியாசமா என்று பாருங்கள். ஸ்பிறிற்றோ கடை மருந்தோ பூச முதல் மறைவான இடத்தில் சோதியுங்கள். பெற்றோல் மூடியின் உட்பக்கத்தில் சோதிக்கச் சிலர் சொல்வார்கள். கதவு திரும்ப அடித்ததாக இருந்தால் அந்தச் சோதனையால் பயனில்லை. எந்தப் பாகத்தில் பிசினோ, அதே பாகத்தின் அடி ஓரத்தில் சோதியுங்கள். துணியில் நிறம் வந்தால் அதோடு நிறுத்தி, எண்ணெயை மட்டும் நம்புங்கள்.

தின்னர், அசற்றோன், நகப்பூச்சு அழிக்கும் தண்ணி, பிறேக் கழுவும் ஸ்பிறே, பெற்றோல் இவை எதுவும் காரின் பெயின்ற்றுக்கு வேண்டாம். முன்லைற்றின் மூடி இப்போது கண்ணாடி அல்ல, பிளாஸ்ரிக். அதில் இவை பட்டால் வெண்மை படர்ந்து, மெல்லிய வெடிப்பு விழும். லைற்றுக்கும் கறுத்த பிளாஸ்ரிக், ரப்பர் பாகங்களுக்கும் எண்ணெயும் சம்பூத் தண்ணீரும் போதும்.

உண்மையான கண்ணாடிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. முன்கண்ணாடியில் ஒட்டிய பிசினை நனைத்துவிட்டு, கண்ணாடிக்கான பிளேட் சுரண்டியைச் சரித்துப் பிடித்து எடுக்கலாம். வைப்பர் ரப்பரையும் ஸ்பிறிற்றுத் துணியால் ஒரு தரம் துடைத்துவிடுங்கள். கண்ணாடியில் சீனிப்படை இருக்கும்போது வைப்பரைப் போட்டால் அது பரவி, எதிரே வரும் காரின் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாமல் போகும். இரவு வேலை முடிந்து வருகிறவர்கள் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

சோடாப் போத்தலில் தின்னர்

இந்தக் கட்டுரையில் ஒரு பந்தியை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். தொழிற்சாலையில் இருந்து தின்னரையும் மெஷின் கழுவும் தண்ணியையும் வெறும் தண்ணீர்ப் போத்தலிலும் சோடாப் போத்தலிலும் ஊற்றிக் கொண்டுவரும் பழக்கம் எங்களிடையே இருக்கிறது. பார்வைக்குத் தண்ணீர்தான். போத்தலும் பிள்ளைக்குப் பழக்கமான போத்தல். குசினியிலோ பல்கணியிலோ அது நின்றால், விளையாடிவிட்டுத் தாகத்தோடு வருகிற பிள்ளை எடுத்துக் குடிக்கும். தின்னர், பெற்றோல் போன்றவை வயிற்றைவிடச் சுவாசப்பைக்குத்தான் கூடுதல் ஆபத்து. ஒரு மிடறு புரையேறினாலே போதும்.

அப்படி நடந்துவிட்டால் பிள்ளையைச் சத்தி எடுக்கப் பண்ணக்கூடாது. திரும்ப வரும்போது அது சுவாசப்பைக்குள் போகும். பால் கொடுக்கக்கூடாது. பிள்ளைக்கு இருமல், மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தால் உடனே 112க்கு அடியுங்கள். அப்படி ஒன்றும் தெரியாவிட்டாலும் நஞ்சு அவசர நிலையத்தைக் கேட்கவேண்டும். நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்துக்கு அது பொன் நகரில் இருக்கிறது. இலக்கம் 0228 19240. இரவு பகல் எடுக்கலாம். பாஷை தடுமாறினால் "கின்ட் ஹற் லோசுங்ஸ்மிற்றல் கெற்றுங்கன்" என்று சொல்லுங்கள். பிள்ளை கரைப்பான் குடித்துவிட்டது என்பது அதன் கருத்து. பிள்ளையின் வயதையும் நிறையையும் கேட்பார்கள். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கதையுங்கள். ஸ்பிறிற் வாங்கினாலும் அதன் சொந்தப் போத்தலிலேயே, மூடி பூட்டி, பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எங்கே கழுவுவது, எங்கே நிறுத்துவது

ஊரில் கிணற்றடியில் கழுவியதுபோல இங்கே நினைத்த இடத்தில் கழுவமுடியாது. தெருவிலும் வீட்டு முற்றத்திலும் கார் கழுவுவதைப் பல நகரசபைகள் தடைசெய்திருக்கின்றன. காரில் இருந்து வடியும் எண்ணெயும் சவர்க்காரமும் நிலத்தடித் தண்ணீரில் சேரும் என்பதே காரணம். தண்டப்பணமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு கட்டுப்பாடுகள் இருக்கும். காசு போட்டு நாங்களே கழுவும் வாஷ்பொக்ஸ்தான் வசதி. அங்கே அமுக்கத் தண்ணீரைப் பெயின்ற்றில் இருந்து ஒரு முழங்கை தூரத்துக்குக் கிட்டக் கொண்டுபோகவேண்டாம். அங்குள்ள நுரைப் பிறஷை நாங்கள் பாவிப்பதில்லை. எங்களுக்கு முன் வந்தவர் அதால் சில்லைத் தேய்த்திருந்தால், அந்த மண் முழுவதும் அதற்குள் இருக்கும். வீட்டில் இருந்து துணி கொண்டுபோவதே பாதுகாப்பு.

மரத்தின் மீது கோபப்பட்டுப் பயனில்லை. பிசினும் பூச்சித் தூறலும் மரத்தின் இயல்பு என்றுதான் பொதுவாக இங்கே எடுத்துக்கொள்வார்கள், நட்டஈடு கேட்டு வெல்வது கடினம். கிளையை வெட்டினால் எங்களுக்குத்தான் தண்டம். எந்த மரம் ஒழுகுகிறது என்பதை அதன் கீழேயுள்ள நிலமே சொல்லும். சீமெந்துக் கல் கறுத்துச் செருப்பு ஒட்டினால் அங்கே நிறுத்தவேண்டாம். ஐம்பது அடி தள்ளி விட்டுவிட்டு நடந்துவாருங்கள். வேறு இடம் இல்லையென்றால் இளவேனில் தொடங்கும்போது ஒரு தரம், கோடை நடுவில் ஒரு தரம் மெழுகு பூசுங்கள். துளி மெழுகில் ஒட்டும், வார்னிஷில் ஒட்டாது. சீலை போட்டு மூடுபவர்கள், தூசியோடு இருக்கும் காரை மூடவேண்டாம். காற்றுக்குச் சீலை ஆடும்போது அதுவே உரஞ்சிவிடும்.

கடைசியாக ஒரு சின்ன ஆலோசனை. காரின் பின்பெட்டியில் ஒரு சிறிய பை வைத்திருங்கள். அதற்குள் இரண்டு மைக்றோபைபர் துணி, கொஞ்சம் பஞ்சு, ஒரு சிறு போத்தல் தேங்காய் எண்ணெய். எங்கள் காரில் அப்படித்தான் இருக்கிறது. கராஜ்காரருக்குக் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டால் அதன் செலவு ஒன்றுமில்லை. காலை வேலை முடிந்து வந்து, துளி இன்னும் ஈரமாக இருக்கும்போதே நாலு பேரில் ஒருவர் அதைத் துடைத்துவிடுகிறார். அந்தக் கிழமை யாருடைய முறை என்பதில்தான் இடைக்கிடை சின்னச் சண்டை வரும்.